தரிசு என்று எழுதினால் தரிசாகிவிடுமா?

சூரிய மின் பூங்காக்கள் ஏன் தாமதமாகின்றன என்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போது, புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் அளிக்கும் எழுத்துபூர்வ பதிலில் பெரும்பாலும் இடம்பெறும் காரணம், நிலம் கிடைப்பதில் உள்ள சிக்கல் என்பதாகும். அந்த ஒரு வரியைத் தாண்டி விளக்கம் எதுவும் இருப்பதில்லை. துணைக் கேள்விகளும் மின் கட்டணம், ஒப்பந்தப்புள்ளி, மாநிலங்களின் ஒதுக்கீடு என்று வேறு திசைக்குச் சென்றுவிடுகின்றன.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அசாமின் நகாவ்ன் மாவட்டத்தில் பரம்பரையாக உழுதுவந்த நிலத்தை இழந்த குத்தகைதாரர்கள் இருக்கிறார்கள். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் பஷ்மினா ஆடுகளை ஓட்டிச் செல்லும் நாடோடிகள் இருக்கிறார்கள். இவர்களில் எவரும் சூரிய மின்சாரத்துக்கு எதிரிகள் அல்லர். தங்களைக் கேட்காமல், தங்கள் நிலத்துக்கு வேறொருவர் வைத்த பெயரின் அடிப்படையில் முடிவெடுக்கப்படுவதைத்தான் எதிர்க்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை தில்லி உணரவில்லையென்றால், வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று கிராமங்களும், வாழ்வைப் பறிப்பவர்கள் என்று அரசும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டும் பழைய அணைக்கட்டுக் காலத்துக் காட்சிகளே திரும்பவும் அரங்கேறும்.

தேவையை மறுப்பதற்கில்லை

சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. 2010-இல் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின்சக்தி இயக்கம் தொடங்கப்பட்டபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பதே இலக்கு. 2015-இல் அது 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடைபெற்ற பருவநிலை மாநாட்டில், 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறன் 5,00,000 மெகாவாட்டை எட்டும் என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார்.

2014 மார்ச்சில் 3,000 மெகாவாட்டுக்கும் குறைவாக இருந்த சூரிய மின் நிறுவுதிறன், 2025-இன் தொடக்கத்தில் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. நிலக்கரிச் சுரங்கங்களால் ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் எத்தனை கிராமங்கள் அழிந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், புகையும் சாம்பலும் இல்லாத இந்த மின்சாரத்தை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால், சூரிய ஒளி இலவசமாகக் கிடைக்கலாம். அதைப் பிடிக்கும் நிலம் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 5 ஏக்கர் தேவை. ராஜஸ்தானின் பட்லா பூங்கா 2,245 மெகாவாட் திறன் கொண்டது. அது விரிந்திருக்கும் பரப்பு சுமார் 14,000 ஏக்கர். கர்நாடகத்தின் பாவகடா பூங்கா 2,050 மெகாவாட். பரப்பு சுமார் 13,000 ஏக்கர். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் காவ்டாவில் உருவாகிவரும் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 72,600 ஹெக்டேர். அனல் மின் நிலையம் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்கும். சூரிய மின் பூங்கா பல கிராமங்களைத் தன் எல்லைக்குள் அடக்கிவிடும்.

வருவாய்த் துறையின் அகராதி

இத்தனை நிலம் எங்கிருந்து வருகிறது? 'தரிசு நிலத்திலிருந்து' என்பதே அரசு தரப்பின் பதில். மத்திய நிலவளத் துறையும் தேசிய தொலையுணர்வு மையமும் இணைந்து 2019-இல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பின்படி, நாட்டில் 5.57 கோடி ஹெக்டேருக்கு மேல் தரிசு. அதாவது, மொத்த நிலப்பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம். அதில் ஒரு சிறு பகுதி போதுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பது தர்க்கத்துக்குப் பொருத்தமாகவே தோன்றும்.

தரிசு என்ற சொல்லின் வரலாற்றைப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். பிரிட்டிஷ் ஆட்சியில் நிலவரி செலுத்தாத நிலமெல்லாம் வீண் நிலம். உழவு நடக்காத, அரசுக்கு வருமானம் தராத மேய்ச்சல் வெளி, புதர்க்காடு, மணல்மேடு, குளத்தின் நீர்வரத்துப் பகுதி எல்லாமே ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டன. சுதந்திர இந்தியாவின் வருவாய்த் துறை அந்தப் பதிவேடுகளையும் அவற்றின் பார்வையையும் அப்படியே சுவீகரித்துக் கொண்டது. கோப்பில் தரிசு, கிராமத்தில் அதுதான் ஆடு மாடுகளின் உணவு, விறகு, மருந்துச் செடி, மழைநீர் சேரும் இடம். நிலமில்லாத ஏழைக்கு இருக்கும் ஒரே சொத்தும் அதுவே.

மேற்கு ராஜஸ்தானில் இதற்கு 'ஓரண்' என்று பெயர். ஊர்த் தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் காவுநிலம். அங்கே மரத்தை வெட்டுவது குற்றம், மேய்ப்பதற்குத் தடையில்லை. மாநிலம் முழுவதும் சுமார் 25,000 ஓரண்கள், ஏறத்தாழ 6 லட்சம் ஹெக்டேரில் பரந்திருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. இவற்றில் பல, ஊரார் நினைவிலும் பழைய மன்னர் காலப் பட்டயங்களிலும்தான் ஓரண். வருவாய்ப் பதிவேட்டில் அவை அரசுத் தரிசு. ராஜஸ்தானில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிலையங்களுக்கு அரசு நிலத்தை ஒதுக்குவதற்கென்றே 2007-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அந்த விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் நிலத்தைத் தேடும்போது, பதிவேட்டில் தரிசு என்று இருப்பவைதான் முதலில் கண்ணில் படுகின்றன.

ஜெய்சல்மேர் மாவட்டத்தின் தேக்ராய் ஓரண் விவகாரம் இப்படித்தான் வெடித்தது. மின் கோபுரங்களும் கம்பிகளும் ஓரணுக்குள் நுழைந்தபோது கிராமத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றங்களை நாடினர், ஓரண்களைப் பதிவேட்டில் ஓரண் என்றே எழுதக் கோரி நடைப்பயணம் மேற்கொண்டனர். 2024 நவம்பரில் அதே மாவட்டத்தின் பையா கிராமத்தில், ஓரண் என்று ஊரார் கருதும் நிலத்தில் சூரிய மின் திட்டப் பணிகள் தொடங்கியதை எதிர்த்து மக்கள் திரண்டனர். ஷிவ் தொகுதியின் சுயேச்சை சட்டப்பேரவை உறுப்பினர் ரவீந்திர சிங் பாட்டி அவர்கள் பக்கம் நின்று காவல்துறையுடன் மோதியது மாநில அரசியலில் பெரும் விவாதமானது.

மேய்ச்சல் நிலம் சுருங்குவதன் பொருள் என்ன என்பதை ஒட்டகங்களின் கணக்கே சொல்லும். 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எஞ்சியிருந்தவை 2.5 லட்சம் ஒட்டகங்கள். 2012-உடன் ஒப்பிட்டால் 37 சதவீத வீழ்ச்சி. இதற்கு சூரிய மின் பூங்கா மட்டுமே காரணம் அல்ல. சாலையும் டிராக்டரும் பாசனக் கால்வாயும் ஒட்டகத்தின் தேவையை முன்பே குறைத்துவிட்டன. ஆனால், எஞ்சியவற்றுக்கு மிச்சமிருக்கும் மேய்ச்சல் வெளியையும் வேலியிட்டு அடைத்தால், 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்த ராஜஸ்தான் அரசின் பிரகடனத்துக்கு அர்த்தமில்லாமல் போகும்.

வன்னி மரத்துக்கான குரல்

பீகானேர், பலோடி பகுதிகளில் போராட்டம் வேறொரு வடிவில் எழுந்தது. சூரியத் தகடுகளின் மேல் நிழல் விழக்கூடாது என்பதற்காக கேஜ்ரி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிஷ்னோய் சமூகத்தினரும் விவசாயிகளும் தர்னாவில் அமர்ந்தனர். தமிழர்கள் வன்னி என்று அழைத்து, கோயில்களில் தல விருட்சமாக வணங்கும் அதே மரம்தான் கேஜ்ரி. பாலைவனத்தில் அதன் இலை கால்நடைக்குத் தீவனம், அதன் காய் மனிதர்களுக்கு உணவு, அதன் நிழல் பயிருக்குப் பாதுகாப்பு.

1730-இல் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி உள்ளிட்ட 363 பிஷ்னோய்கள் மரங்களைக் கட்டித் தழுவி உயிர் துறந்தனர் என்பது வரலாறு. அந்த வழிவந்தவர்கள் இன்று கோருவது, மரத்தை வெட்டுவோருக்கு மிகச் சொற்பமான அபராதம் என்ற நிலையை மாற்றி, கடுமையான மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்பதே. பருவநிலையைக் காப்பதற்காக மரத்தை வெட்டுகிறோம் என்ற விளக்கத்தை அவர்களால் ஏற்க முடியவில்லை. வேறு யாராலும் எளிதில் ஏற்க முடியாது.

உச்சநீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள்

இந்த மோதலில் உச்சநீதிமன்றம் பல முறை தலையிட்டுள்ளது. அவற்றில் மூன்று கவனிக்கத்தக்கவை.

முதலாவது, 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு. கிராமப் பொது நிலங்கள் காலங்காலமாக ஊர் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை, அவற்றை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிடப்பட்டது. அந்த வழக்கில் ஆக்கிரமிப்பாளர்கள் தனிநபர்கள். பொது நிலத்தை ஓர் அரசே ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கும்போது அந்தத் தீர்ப்பின் உட்பொருள் எங்கே போகிறது என்பது இன்றைய கேள்வி.

இரண்டாவது, கானமயில் வழக்கு. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் இந்தப் பறவையின் எண்ணிக்கை 150-க்கும் குறைவு. உயர் அழுத்த மின் கம்பிகளில் மோதி அவை மடிவதால், கம்பிகளைப் பூமிக்கு அடியில் பதிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அது சாத்தியமில்லை என்று மத்திய அரசு முறையிட்டதன்பேரில், 2024 மார்ச்சில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதே தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசியல் சாசனத்தின் 14, 21-ஆவது பிரிவுகளின்படி மக்களின் உரிமை என்றும் நீதிமன்றம் அறிவித்தது. சூரிய மின்சாரத்தை ஊக்குவிப்பதற்கு இது வலுவான ஆதாரம். ஆனால், பருவநிலை மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படும் மேய்ப்பர்களும் சிறு விவசாயிகளும் அதே 21-ஆவது பிரிவின் பாதுகாப்புக்கு உரியவர்களே.

மூன்றாவது தீர்ப்புக்குத் தமிழகத்துடன் ஒரு தொடர்பு உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்குதான், நாட்டின் காடுகள் பற்றிய எல்லா வழக்குகளுக்கும் தாய் வழக்காக இன்றும் தொடர்கிறது. அந்த வழக்கின் ஒரு பகுதியாகவே, 2024 டிசம்பர் 18-ஆம் தேதி நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு ஓரண்களைப் பற்றித் தீர்ப்பு வழங்கியது. ஒவ்வோர் ஓரணையும் நேரடியாக ஆய்வு செய்து, செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து, காடாக வகைப்படுத்த வேண்டும் என்று ராஜஸ்தான் அரசு பணிக்கப்பட்டது. பரம்பரையாகக் காத்துவரும் சமூகங்களுக்கு அங்கே உரிமையும் பொறுப்பும் அளிக்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

இந்தக் கடைசி அம்சம் முக்கியமானது. ஏனெனில், ஓரண்களைக் காடு என்று அறிவித்தால் வனத்துறை வந்து மேய்ச்சலையும் தடுத்துவிடுமோ என்ற அச்சம் ஊர்களில் எழுந்தது. ஒரு துறையின் வேலியிலிருந்து தப்பி இன்னொரு துறையின் வேலிக்குள் சிக்குவது தீர்வாகாது.

அசாமும் லடாக்கும்

பாலைவனத்துக்கு மட்டும் உரிய பிரச்சினையாக இதைக் கருதிவிடலாகாது. அசாமின் நகாவ்ன் மாவட்டத்தில் மிகிர் பாமுனி கிராண்ட் என்ற இடத்தில், வெறும் 15 மெகாவாட் திட்டத்துக்காக 276 பிகா நிலம், அதாவது சுமார் 91 ஏக்கர், முன்னாள் ஜமீன் குடும்பத்தின் வாரிசுகளிடமிருந்து வாங்கப்பட்டது. கார்பி, ஆதிவாசி சமூகங்களைச் சேர்ந்த விவசாயிகள் அதைத் தலைமுறைகளாக உழுதுவருவதாகவும், 1971-ஆம் ஆண்டு குத்தகைச் சட்டத்தின்படி தங்களுக்கு உரிமை உண்டு என்றும் வாதிட்டனர். 2020-இல் பயிர் நின்ற வயலே சமன் செய்யப்பட்டதாக அவர்கள் புகார் கூறினர். பத்திரத்தில் இருக்கும் உரிமைக்கும் ஏர் பிடித்தவரின் உரிமைக்கும் இடையிலான பழைய வழக்குதான் அது. இப்போது சூரிய மின்சாரத்தின் பெயரால் மீண்டும் எழுந்திருக்கிறது.

அதே மாநிலத்தில், ஆறாவது அட்டவணையின் பாதுகாப்புப் பெற்ற கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் 1,000 மெகாவாட் பூங்கா அமைக்கத் திட்டமிடப்பட்டது. சுமார் 18,000 பிகா நிலம் தேவைப்பட்ட அந்தத் திட்டத்தை அப்பகுதிப் பழங்குடி மக்கள் எதிர்த்தனர். இறுதியில் 2025-இல் அந்தக் கடன் கைவிடப்பட்டது. தொடக்கத்திலேயே மக்களைக் கலந்தாலோசித்திருந்தால் அரசுக்கும் வங்கிக்கும் காலமும் பணமும் மிஞ்சியிருக்கும். ஒருவேளை வேறோர் இடத்தில், வேறோர் அளவில் திட்டமே நிறைவேறியிருக்கவும் கூடும்.

லடாக்கின் நிலைமை இன்னும் சிக்கலானது. 15,000 அடி உயரத்துக்கும் மேலுள்ள பாங் பகுதியில் 13,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டத்துக்கான மின்வழித்தடம் அமைக்க, 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 20,773 கோடி ரூபாய்க்கும் அதிகமான மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அங்கிருந்து ஹரியாணாவின் கைத்தல் வரை 713 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்வழித்தடம் அமையும். சாங்பா நாடோடிகளின் பஷ்மினா ஆடுகள் மேயும் வெளியும் அதே பகுதியில்தான் இருக்கிறது. 2019-இல் சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசமாக்கப்பட்ட லடாக்கில், இதைப் பற்றி விவாதிக்க ஓர் அவையே கிடையாது. 2024 மார்ச்சில் கல்வியாளர் சோனம் வாங்சுக் மேற்கொண்ட 21 நாள் உண்ணாவிரதத்தில் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு, மாநில அந்தஸ்து ஆகியவற்றுடன் மேய்ச்சல் நிலங்கள் பறிபோவதும் ஒரு குறையாக முன்வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் லே நகரில் போராட்டம் வன்முறையாக மாறி நால்வர் உயிரிழந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால், தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவு தங்களைத் தாண்டி எடுக்கப்படுகிறது என்ற உணர்வு அவற்றில் ஒன்று என்பதை மறுக்க முடியாது.

சட்டத்தின் இடைவெளிகள்

இந்த மோதல்கள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. மக்களின் கருத்தைக் கேட்பதற்கான சட்ட வாயில்கள் சூரிய மின் திட்டங்களுக்கு மூடப்பட்டிருக்கின்றன.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரிய ஒளி மின் நிலையங்கள் இல்லை. அவற்றுக்கு முன்அனுமதி தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-லும், பூங்காக்களுக்கும் அது பொருந்தும் என்று 2017-லும் தெளிவுபடுத்தியது. ஒற்றைத் தகடும் 10,000 ஏக்கர் பூங்காவும் இந்த வகையில் சமம். முன்அனுமதி இல்லை என்றால் பொது விசாரணையும் இல்லை. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஒரு விவசாயி எழுந்து நின்று தன் கருத்தைப் பதிவு செய்யும் ஒரே சந்தர்ப்பமும் அதனால் இல்லாமல் போகிறது.

அடுத்து, 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்துதல் சட்டம். தனியார் நிறுவனங்களுக்காகக் கையகப்படுத்தினால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதம் வேண்டும்; பொது - தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதம். சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம். அந்தச் சட்டத்தில் பாதிக்கப்படும் குடும்பம் என்பது நில உரிமையாளரை மட்டும் குறிப்பதல்ல. குத்தகைதாரரும் விவசாயத் தொழிலாளியும் அதில் அடங்குவர். ஆனால், அரசுத் தரிசை ஒதுக்கும்போதும், உரிமையாளரிடம் நேரடியாகக் குத்தகைக்கு எடுக்கும்போதும் கையகப்படுத்தல் நிகழ்வதில்லை. ஆகவே அந்தப் பாதுகாப்புகள் எதுவும் செயல்படுவதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் நாடோடி மேய்ப்பர்களின் பருவகால உரிமையையும் அங்கீகரிக்கிறது. வன நிலம் அல்லாத மேய்ச்சல் வெளிக்கு அந்தக் கவசமும் இல்லை.

மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இலக்கை நிர்ணயிப்பது தில்லி; நிலத்தை ஒதுக்குவது மாநிலத் தலைநகர்; விளைவைச் சந்திப்பது கிராமம். எதிர்ப்பு எழுந்தால் மத்திய அரசு மாநிலத்தையும், மாநில அரசு மத்திய இலக்கையும் காரணம் காட்டுகின்றன.

பாவகடா கற்பிப்பது என்ன?

மாற்று வழி இல்லாமல் இல்லை. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் வறட்சிக்குப் பெயர்பெற்ற பாவகடா வட்டத்தில், அரசு நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, கையகப்படுத்தவும் இல்லை. சுமார் 2,300 விவசாயிகளிடமிருந்து 28 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்பது ஒப்பந்தம். மழை பொய்த்தால் எதுவும் விளையாத பூமியில் உறுதியான வருமானம் என்பது சிறிய விஷயமல்ல. நில உரிமையும் விவசாயியின் பெயரிலேயே நீடிக்கிறது. பெரிய கிளர்ச்சி எதுவும் இன்றி இந்தியாவின் மிகப்பெரிய பூங்காக்களில் ஒன்று அங்கே எழுந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஆனால், பாவகடாவிலும் ஒரு பெரும் குறை உண்டு. நிலம் உள்ளவருக்குக் குத்தகை வந்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கும் அதில் ஆடு மேய்த்தவருக்கும் எதுவும் வரவில்லை. நிறைய நிலம் வைத்திருந்தவர் மேலும் வசதி பெற்றார்; நிலமற்ற தலித் குடும்பங்கள் வேலை தேடி வெளியூர் சென்றன. கட்டுமானம் முடிந்த பிறகு ஒரு பூங்காவில் எஞ்சும் வேலை தகடுகளைக் கழுவுவது, புல் வெட்டுவது, காவல் காப்பது ஆகியவையே. அதற்குச் சில நூறு பேர் போதும். 13,000 ஏக்கர் புன்செய் நிலத்தில் ஆண்டில் சில மாதங்களாவது கிடைத்த கூலி நாள்களுக்கு அது ஈடாகாது.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் அமைக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய நிலையம் என்று அது பாராட்டப்பட்டது. மானாவாரி மாவட்டங்களில் அடுத்தடுத்து நிலையங்கள் வரும்போது, நிலம் விற்றவரோடு அந்த நிலத்தை நம்பியிருந்தவரையும் கணக்கில் எடுக்க வேண்டிய கடமை மாநில அரசுக்கு உண்டு.

எதிர்வாதங்களின் எடை

அரசு தரப்பில் முன்வைக்கப்படும் வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. 2030-க்குள் ஏறத்தாழ 3,00,000 மெகாவாட் சூரிய மின்சாரம் என்று வைத்துக்கொண்டாலும், தேவைப்படும் நிலம் சுமார் 15 லட்சம் ஏக்கர். நாட்டின் பரப்பில் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். ஆனால், அந்த 0.2 சதவீதம் நாடு முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் சில வட்டங்களில் குவிந்திருக்கிறது. தேசியக் கணக்கில் கடுகளவாகத் தெரிவது, ஒரு கிராமத்தின் கணக்கில் அதன் மேய்ச்சல் நிலம் முழுவதுமாக இருக்கும்.

இந்தக் குவிப்பும் தற்செயலானது அல்ல. 2025 ஜூன் 30 வரை தொடங்கப்பட்ட சூரிய மின் நிலையங்களுக்கு மாநிலங்களுக்கு இடையிலான மின்கடத்தல் கட்டணம் முற்றிலும் தள்ளுபடி செய்யப்பட்டது. தொலைவு ஒரு பொருட்டல்ல என்றானபோது, வெயிலும் மலிவான நிலமும் எங்கே இருக்கிறதோ அங்கேயே எல்லோரும் குவிந்தனர். அந்தச் சலுகை படிப்படியாகக் குறைக்கப்படுவது, உற்பத்தியைப் பரவலாக்க ஒரு வாய்ப்பு.

இன்னொரு வாதம், எதிர்ப்புகளால் திட்டங்கள் தாமதமாகி மின்சாரத்தின் விலை கூடும் என்பது. உண்மைதான். ஆனால், தாமதத்துக்குக் காரணம் மக்களைக் கேட்டது அல்ல, கேட்காமல் தொடங்கியது. நியமகிரி மலையில் 2013-இல் 12 கிராம சபைகள் சுரங்கத் திட்டத்தை நிராகரித்தபோது, பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் கழிந்த பிறகே அந்தக் கேள்வி மக்களிடம் சென்றது. முதல் நாளிலேயே கேட்டிருந்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பங்கு எங்கே?

நீர்மின் திட்டங்களிலிருந்து ஒரு முன்னுதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். 2008-ஆம் ஆண்டு நீர்மின் கொள்கையின்படி, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம். அதற்கு மேல் 1 சதவீதம் உள்ளூர் மேம்பாட்டு நிதிக்கு. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 100 யூனிட் இலவச மின்சாரம் 10 ஆண்டுகளுக்கு. சுரங்கங்களைப் பொருத்தவரை, 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு உரிமத் தொகையில் 10 முதல் 30 சதவீதம் வரை செலுத்தப்படுகிறது. அந்த நிதி எப்படிச் செலவாகிறது என்பது பற்றிக் குறைகள் இருக்கலாம். பங்கு உண்டு என்ற கோட்பாடு சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

சூரிய மின்சாரத்துக்கு நாடு முழுவதற்குமான இத்தகைய விதி எதுவும் இல்லை. ஆற்றைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு. மலையைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு. மேய்ச்சல் வெளியைக் கொடுத்தவருக்கு மட்டும் கிடையாது என்பது எந்த நியாயம்? தன் தலைக்கு மேல் 400 கிலோவோல்ட் கம்பி செல்லும் ஊரில் மின்சாரம் நின்று நின்று வந்தால், அந்த ஊர் மக்கள் பூங்காவை வாழ்த்துவார்கள் என்று எதிர்பார்ப்பது அறியாமை.

நிலத்தின் மீதான அழுத்தத்தைக் குறைக்கவும் வழிகள் உள்ளன. 2022-க்கான 1,00,000 மெகாவாட் இலக்கில் 40,000 மெகாவாட் கூரைகளின் மேல் அமைய வேண்டியது. கெடு முடிந்தபோது அதில் கால் பங்குகூட எட்டப்படவில்லை. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 75,021 கோடி ரூபாயில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டிருப்பது தாமதமான, ஆனால் சரியான திருத்தம். விவசாயி தன் தரிசில் தானே 2 மெகாவாட் வரை நிலையம் அமைத்து மின்சாரம் விற்கலாம் என்று 2019-இல் அறிவிக்கப்பட்ட குசும் திட்டத்தின் அந்தப் பிரிவில், 10,000 மெகாவாட் இலக்கில் ஒரு சிறு பகுதியே நிறைவேறியிருக்கிறது. வங்கிக் கடன் கிடைக்காததும் மாநில மின் நிறுவனங்கள் ஆர்வம் காட்டாததும் அதன் தடைகள். மத்தியப் பிரதேசத்தின் ஓம்காரேஷ்வர் நீர்த்தேக்கத்தில் 600 மெகாவாட் மிதக்கும் நிலையத்தின் முதல் பகுதி 2024-இல் செயல்படத் தொடங்கியது. அங்கும் மீனவர்களின் உரிமை மதிக்கப்பட்டாக வேண்டும்.

நாடாளுமன்றத்தின் கடமை

கூரையும் நீர்நிலையும் மட்டுமே 2030 இலக்கை எட்டிவிடாது. பெரிய பூங்காக்கள் தொடரத்தான் செய்யும். எனவே, எந்த விதிகளின்படி அவை தொடர வேண்டும் என்பதே கேள்வி.

குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட பூங்காக்களுக்காவது சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தரிசு என்று பதிவாகியிருக்கும் நிலத்தை ஒதுக்கும் முன், அதன் உண்மையான பயன்பாடு என்ன என்பதை கிராம சபையின் முன்னிலையில் ஆய்வு செய்து பதிவேட்டைத் திருத்த வேண்டும். ஓரண்களின் அளவீடு முடியும் வரை அவற்றில் புதிய ஒதுக்கீடு கூடாது. தனியார் நிலம் என்றால் விற்பனைக்குப் பதில் குத்தகை. குத்தகையில் ஒரு பகுதி நிலமற்றோருக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய நிதியாக ஒதுக்கப்பட வேண்டும். நீர்மின் திட்டங்களைப் போல உள்ளூர்ப் பங்கு சட்டபூர்வமாக்கப்பட வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. வேறு துறைகளுக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருப்பவை. சூரிய மின்சாரத்துக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டவை.

அந்த விலக்குக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2010-இல் சூரிய மின்சாரம் கைக்குழந்தை. அதற்குச் சலுகை தேவைப்பட்டது. இன்று அது 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிய பெரும் தொழில். பெரும் முதலீட்டாளர்களும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு வரும் தொழிலுக்கு இன்னும் தொட்டில் சலுகை தேவையில்லை.

எரிசக்தித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இலக்குகளையும் அவற்றின் தாமதத்தையும் ஆராய்ந்து அறிக்கைகள் அளித்திருக்கிறது. ஊரக வளர்ச்சித் துறைக்கான நிலைக்குழு நிலவளத் துறையை ஆராய்கிறது. இரண்டு குழுக்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவரது இலக்கு மற்றவரது தரிசுப் பட்டியலில் எங்கே கால் ஊன்றுகிறது என்று கேட்டால் போதும். அடுத்த முறை அமைச்சகத்தின் பதிலில் நிலம் கிடைப்பதில் சிக்கல் என்ற வரி வரும்போது, அந்த நிலம் யாருடையது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்ற துணைக் கேள்வியை எழுப்ப எந்தக் கட்சி உறுப்பினருக்கும் தடை ஏதும் இல்லை.